முகத்துக்குக் கீழே ஒரு பட்டம்: பிரெஞ்சுப் பிரபுக்களின் செப்புத்தகட்டுப் படங்கள் சொல்வது என்ன?

17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் வெட்டிய முகங்களுக்கும் செண்பகனூர், புதுச்சேரிக்கும் என்ன தொடர்பு? ஒரு விரிவான பார்வை.

கொடைக்கானல் ஏரியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது செண்பகனூர். டூரிஸ்ட்டாகப் போகிறவர்களுக்கு அது ஒரு மியூசியம்: பதப்படுத்திய பறவைகள், பாம்புகள், ஆர்கிட் செடிகள். ஆனால் அந்த மியூசியம் இருக்கும் திரு இருதயக் கல்லூரி, 1895இல் பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் தொடங்கியது. 1838இல் இருந்து புதிய மதுரை மிஷனை நடத்திய சபையின் இளம் குருக்கள் படிக்க, வெயில் தாங்காத ஐரோப்பியர்களுக்கு ஏற்ற குளிர்ந்த மலையில் கட்டிய இடம். சபையின் மதுரை மாநில ஆவணங்கள் நீண்ட காலம் இங்கேதான் இருந்தன. தமிழக வரலாறு எழுத வந்த பல ஆய்வாளர்கள் அந்தக் காகிதங்களுக்காகவே மலையேறினார்கள்.

அந்தக் காகிதங்களில் பெரும்பகுதி எழுத்து. கடிதம், அறிக்கை, கணக்கு. ஆனால் அந்தக் குருக்கள் வந்த நாட்டில் காகிதத்துக்கு இன்னொரு பெரிய வேலையும் இருந்தது. பெரிய மனிதர்களின் முகத்தைச் செப்புத்தகட்டில் வெட்டி, ஆயிரக்கணக்கில் அச்சடித்து, கடையில் தொங்கவிட்டு விற்பது. 1600களிலும் 1700களிலும் பிரான்ஸில் அது ஒரு பெரிய தொழில். புதுச்சேரிக்குக் கம்பெனியை அனுப்பிய கோல்பேரின் முகத்தை அன்றைக்கு ஊர் உலகம் பார்த்ததும், இன்றைக்கு நாம் பார்ப்பதும் அந்தத் தொழிலின் புண்ணியத்தில்தான்.

அந்தப் படங்கள் வெறும் முகங்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு உரிமைக் கோரிக்கை. "நான் இன்னார், என் குடும்பம் இன்னது, எனக்கு இன்ன பட்டம்" என்று சொல்லும் பத்திரம். அதை எப்படிப் படிப்பது என்று தெரிந்தால், பாடப்புத்தகத்துப் படத்தையே வேறு கண்ணால் பார்க்க முடியும்.

அது என்ன மாதிரி படம்?

பார்த்தால் சட்டென்று அடையாளம் தெரிந்துவிடும். நடுவில் முட்டை வடிவச் சட்டம். அதற்குள் மார்பளவு உருவம்: தோள்வரை புரளும் சுருள்முடி, கழுத்தில் லேஸ், சிலருக்கு மார்பில் கவசம். சட்டத்தைச் சுற்றி லத்தீனிலோ பிரெஞ்சிலோ பெயரும் பட்டங்களும். கீழே கல் பீடம் போல ஒரு பகுதி. அதில் குடும்பச் சின்னம், அதற்கு மேல் கிரீடம்.

அந்தக் கிரீடத்துக்கும் கணக்கு உண்டு. டியூக்குக்கு ஒரு வகை, மார்க்கிக்கு ஒரு வகை, கவுண்ட்டுக்கு ஒரு வகை. விஷயம் தெரிந்தவர் முகத்தைப் பார்க்கும் முன்பே கிரீடத்தைப் பார்த்து, வந்திருப்பவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று சொல்லிவிடுவார். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் வரும் டிகிரியையும் பதவியையும் முதலில் படிக்கிறோமே, அதே கதைதான்.

எப்படிச் செய்தார்கள்?

பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அடிப்படை அதுதான். ஆனால் வெட்டிய பிறகு அதிலிருந்து அச்சும் எடுக்க வேண்டும்.

மழமழவென்று தேய்த்த செப்புத்தகட்டை ஒரு தோல் மெத்தை மேல் வைப்பார்கள். ப்யூரின் என்ற கூர்முனைக் கம்பியை உள்ளங்கையில் அணைத்துப் பிடித்து முன்னோக்கித் தள்ளுவார்கள். வளைவு வேண்டும் என்றால் கையை வளைப்பதில்லை, தகட்டைத் திருப்புவார்கள். கொஞ்சம் அழுத்தினால் கோடு ஆழமாகி அகலும், லேசாக விட்டால் முடிபோல மெலியும். எல்லாமே இடவலமாக மாற்றி வெட்ட வேண்டும். எழுத்தும் அப்படித்தான், கண்ணாடியில் தெரிவது போல.

வெட்டி முடிந்ததும் தகடு முழுக்க மை பூசி, மேற்பரப்பைத் துணியாலும் உள்ளங்கையாலும் துடைப்பார்கள். மை பள்ளங்களில் மட்டும் தங்கும். ஈரக் காகிதத்தை அதன்மேல் வைத்து, இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தி உருட்டினால், காகிதம் பள்ளத்துக்குள் போய் மையை எடுத்துக்கொண்டு வரும். ஆப்ரஹாம் போஸ் என்ற கலைஞர் 1645இல் இந்தத் தொழில்நுட்பத்தை விளக்கி ஒரு கையேடே எழுதினார். ஐரோப்பா முழுக்க அது பாடநூல் போலப் பயன்பட்டது.

செம்பு மென்மையான உலோகம். ஒவ்வொரு அழுத்தத்திலும் கோடு கொஞ்சம் தேயும். அதனால் முதலில் எடுத்த பிரதிகள் கறுத்துத் தெளிவாக இருக்கும், போகப் போக மங்கும். பிறகு கோடுகளை மீண்டும் ஆழப்படுத்தி ஓட்டுவார்கள். ஒரே படத்தின் இரண்டு பிரதிகள் வேறு வேறு மாதிரித் தெரிவதற்கு இதுவே காரணம்.

இதில் உச்சிக்குப் போனவர் க்ளோட் மெலான். 1649இல் அவர் வெட்டிய கிறிஸ்துவின் முகம், மூக்கு நுனியில் தொடங்கிச் சுற்றிச் சுற்றிப் போகும் ஒரே ஒரு கோடு. கண், மூக்கு, முள்முடி எல்லாமே அந்த ஒற்றைக் கோட்டின் தடிப்பும் மெலிவும்தான்.

பிரபுக்களுக்கு இது ஏன் தேவைப்பட்டது?

ஓவியம் இருக்கிறதே, அச்சுப்படம் எதற்கு? ஓவியம் ஒன்றே ஒன்று, அதுவும் வீட்டுச் சுவரில். அச்சுப்படம் ஊர் ஊராகப் போகும். நண்பருக்குக் கொடுக்கலாம், உதவி கேட்டு வந்தவனுக்குக் கொடுக்கலாம், புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டலாம். பாரிஸின் ஸான் ஜாக் தெருவில் படக்கடைகள் வரிசையாக இருந்தன. பல்தசார் மோங்கோர்னே என்ற வியாபாரி சிறிய முட்டை வடிவச் சட்டத்தில் பிரபுக்கள், தளபதிகள், ராணிகள் என்று நூற்றுக்கணக்கான முகங்களை வெளியிட்டார். வாங்கிச் சேர்த்து ஆல்பம் போடுகிறவர்கள் இருந்தார்கள்.

ஆனால் இதில் பெருமை மட்டும் இல்லை, பணமும் இருக்கிறது. அன்றைய பிரான்ஸின் பெரும்பாலான பகுதிகளில், பிரபு என்று நிரூபித்துவிட்டால் முக்கியமான நேரடி வரியைக் கட்ட வேண்டாம். அந்தச் சுமை விவசாயியின் தலையில் போய் விழும். ஆகவே 'பிரபு' என்பது வெறும் மரியாதைச் சொல் அல்ல, வருடா வருடம் கையில் மிச்சமாகும் காசு.

பிரபுக்களிலும் இரண்டு வகை. வாள் பிடித்த பழைய குடும்பங்கள் ஒரு பக்கம். நீதிமன்றப் பதவியையோ நிர்வாகப் பதவியையோ விலைக்கு வாங்கி, அதன் வழியே பட்டம் பெற்ற 'அங்கிப் பிரபுக்கள்' இன்னொரு பக்கம். பழைய குடும்பத்துக்குக் கோட்டை இருக்கிறது, மூதாதையர் கல்லறை இருக்கிறது. புதிதாக வந்தவருக்கு எது இருக்கிறது? அவருக்குத்தான் முகமும் சின்னமும் பட்டமும் ஒரே தாளில் அச்சாகி ஊரெல்லாம் போக வேண்டிய அவசரம் அதிகம். அக்காலத்தின் மிகச் சிறந்த செப்புத்தகட்டு முகங்களில் நீதிபதிகளும் நிதி அதிகாரிகளும் நிறைந்திருப்பது தற்செயல் அல்ல.

ரீம்ஸ் ஊர்க்காரர்கள் இரண்டு பேர்

இதைப் புரிந்துகொள்ள ஒரே ஊரில் பிறந்த இரண்டு பேரைப் பார்த்தால் போதும்.

முதலாமவர் ஜான் பாப்டிஸ்ட் கோல்பேர். 1619இல் ரீம்ஸ் நகரில், துணி வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். பதினான்காம் லூயியின் நிதி நிர்வாகத்தையே கையில் வைத்திருக்கும் அளவுக்கு உயர்ந்தார். உயர்ந்த பிறகு, தன் குடும்பம் ஸ்காட்லாந்துப் பிரபு வம்சத்தில் வந்தது என்று காட்ட முயன்றார். அவருடைய சின்னம் ஒரு பாம்பு. லத்தீனில் பாம்புக்கு 'கொலுபேர்' என்று பெயர். பெயரை வைத்தே அமைத்த சிலேடைச் சின்னம்.

வேடிக்கை என்னவென்றால், 1660களில் போலிப் பிரபுக்களைப் பிடிக்கும் விசாரணையை நாடு முழுக்க முடுக்கிவிட்டவரும் இதே கோல்பேர்தான். தலைமுறைக் கணக்கில் பத்திரம் காட்டு, இல்லையென்றால் அபராதமும் வரியும் கட்டு என்றது அரசு. காகிதம் இருந்தவர் தப்பினார்.

இரண்டாமவர் ராபர்ட் நான்தேய். அவரும் ரீம்ஸ்தான். கம்பளி வியாபாரியின் மகன். படிக்கும்போதே தன் தத்துவத் தேர்வுத் தாளுக்குத் தானே படம் வெட்டிக்கொண்டவர் என்று அவரைப் பற்றிய பழைய வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது. பாரிஸுக்குப் போய், அந்நூற்றாண்டின் தலைசிறந்த முகச் செதுக்கர் ஆனார். இருநூறுக்கும் மேற்பட்ட முகங்களை வெட்டினார். அரசர் லூயி, அவருடைய தாயார் ராணி ஆன், கார்டினல் மஸாரின், தளபதி துரேன் எல்லோரும் அவர் முன் உட்கார்ந்தவர்கள். கோல்பேரின் முகத்தையும் அவரே வெட்டினார். துணி வியாபாரி வீட்டுப் பையனுக்குப் பிரபு முகம் கொடுத்தது கம்பளி வியாபாரி வீட்டுப் பையனின் கை.

நான்தேயின் பலம் எளிமை. ஆளை எதிரே உட்கார வைத்து முதலில் கலர்ச் சாக்குக்கட்டியிலோ பென்சிலிலோ வரைந்துகொள்வார். கன்னத்திலும் நெற்றியிலும் சின்னச் சின்னப் புள்ளிகளும் குட்டிக் கோடுகளும், முடியில் நீண்ட கோடுகள், அங்கியில் பட்டின் மினுமினுப்பு. கறுப்பு மை ஒன்றுதான், ஆனால் பார்ப்பவருக்குத் தோலும் துணியும் தனித்தனியாகத் தெரியும்.

1661இல் அவர் வெட்டிய ஒரு முகம் நிக்கோலா ஃபூக்கே. அப்போது அரசரின் நிதித் தலைவர். அதே வருடம் செப்டம்பரில் ஃபூக்கே கைதானார். கோல்பேர்தான் அவரைக் கவிழ்த்தவர்களில் முதன்மையானவர். ஃபூக்கே வெளியே வரவே இல்லை, 1680இல் சிறையில் இறந்தார். ஆனால் தாளில் அவர் இன்னும் பதவியில் இருக்கிறார், உதட்டில் லேசான புன்னகையோடு.

செதுக்கியவர் கைவினைஞரா, கலைஞரா?

அந்தக் காலத்தில் இது சட்டப் பிரச்சினை. பாரிஸில் ஒவ்வொரு தொழிலுக்கும் சங்கம் உண்டு, சங்கத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. செதுக்கர்களையும் ஒரு சங்கத்துக்குள் அடைக்கும் பேச்சு எழுந்தது. அப்படி நடந்தால் அவர்களும் மற்றக் கைத்தொழிலாளர்களில் ஒரு வகை.

1660இல் லூயி அரசர் தன் திருமணத்துக்காக ஸ்பெயின் எல்லையோரம் இருக்கும் ஸான் ஜான் த லூஸ் ஊருக்குப் போயிருந்தார். அங்கிருந்து ஓர் ஆணை வந்தது: செதுக்குக் கலை சுதந்திரமான கலை, அதை எந்தத் தொழிற்சங்கத்துக்குள்ளும் அடைக்கக் கூடாது, அது செய்பவரின் கற்பனையைப் பொறுத்தது. இந்த ஆணைக்குப் பின்னால் நான்தேயின் முயற்சி இருந்ததாகச் சொல்வார்கள். அதன் பிறகு ஜெரார் எடலிங்க், ஆந்த்வான் மாசோன், ட்ரெவே குடும்பம் என்று ஒரு பெரிய வரிசையே உருவானது. மாசோன் 1667இல் வெட்டிய கவுண்ட் த ஆர்க்கூர் படத்தில் காதில் ஒற்றை முத்து தொங்கும். முத்தை வைத்துக் கவுண்ட்டுக்கு இருந்த பட்டப்பெயரே படத்துக்கும் பெயராகிவிட்டது.

அடுத்தவருக்குப் பிரபு முகம் வெட்டிக் கொடுத்தே இந்தக் கைகள் தங்களுக்கும் ஒரு படி உயர்வு வாங்கிக்கொண்டன.

இயேசு சபைக்கு இதில் என்ன பங்கு?

செண்பகனூர்க் குருக்களின் சபை அன்றைய பிரான்ஸின் மிகப் பெரிய கல்வி நிறுவனங்களை நடத்தியது. பாரிஸில் அவர்கள் நடத்திய க்ளேர்மோன் கல்லூரிக்கு 1682இல் அரசரின் பெயரையே வைத்தார்கள். பிரபு வீட்டுப் பிள்ளைகள் அங்கே படித்தார்கள்.

படிப்பு முடிக்கும் மாணவன் சபையின் முன் வாதம் செய்ய வேண்டும். வசதியான வீட்டுப் பையன் என்றால் அவனுடைய வாதப் பொருள்களைப் பெரிய தாளில் அச்சடிப்பார்கள். தாளின் மேல்பாதியில் அவன் காணிக்கையாக்கும் பெரிய மனிதரின் முகம், சில சமயம் நிஜ அளவில். அரசர் லூயியின் முகத்தை நான்தேய் வெட்டிய பெரிய படங்கள் சில இப்படிப்பட்ட தீஸிஸ் தாள்களுக்குப் போனவை. கன்வொகேஷன் பேனரில் அமைச்சர் படம் போடுவது நமக்குப் புதிதல்ல, அதனால் இது எளிதில் புரியும்.

முகத்தைச் சேர்ப்பது மட்டுமல்ல, எடுப்பதும் நடந்தது. 'சிண்ட்ரெல்லா' கதையை எழுதிய சார்ல் பெரோ, 1696இலும் 1700இலும் இரண்டு தொகுதிகளாக அந்நூற்றாண்டின் புகழ்பெற்ற பிரெஞ்சுக்காரர்கள் நூறு பேரின் வாழ்க்கையை முகப்படங்களோடு வெளியிட்டார். பிரபுக்கள், குருக்கள், அறிஞர்களோடு கலைஞர்களுக்கும் இடம் கொடுத்தார். நான்தேயும் அதில் ஒருவர். ஆனால் இயேசு சபையைக் கடுமையாக விமர்சித்த பஸ்கால், ஆர்னோ இருவரின் முகமும் முதலில் சபையின் எதிர்ப்பால் நீக்கப்பட்டன. பிறகுதான் திரும்பச் சேர்ந்தன. கணிதத்தில் நாம் படிக்கும் அதே பஸ்கால்தான். யாருக்கு முகம், யாருக்கு இல்லை என்பது அன்றைக்கே அரசியல்.

இந்த முகங்களை நம்பலாமா?

ஓரளவுக்குத்தான். காசு கொடுத்து வெட்ட வைத்தவர் அம்மைத் தழும்பைக் காட்டச் சொல்ல மாட்டார். ஆள் இறந்த பிறகு, பழைய ஓவியத்தைப் பார்த்து வெட்டிய படங்களும் நிறைய. ஒருவர் வரைந்த ஓவியத்தை இன்னொருவர் வெட்ட, அதைப் பார்த்து மூன்றாமவர் மட்டமாகக் காப்பியடிக்க, முகம் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் மாறும். தகட்டில் மாற்றி வெட்டச் சோம்பல்பட்டால் காப்பியில் முகம் எதிர்ப்பக்கம் பார்க்கும்.

இதில் உச்சகட்டம் பியேர் லோம்பார் என்ற பிரெஞ்சுச் செதுக்கர் வெட்டிய குதிரை வீரன் தகடு. குதிரை அதே குதிரை, உடம்பு அதே உடம்பு. தலை மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு பிரதியில் இங்கிலாந்தின் ஆலிவர் குரோம்வெல். இன்னொன்றில் பதினான்காம் லூயி. வேறொன்றில், குரோம்வெல் தரப்பு தலையை வெட்டிய முதலாம் சார்ல்ஸ் அரசர். தலையே இல்லாமல் எடுத்த பிரதியும் இருக்கிறது. அரசியல் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தத் தலையை ஒட்டி விற்பது ஃபோட்டோஷாப் வருவதற்கு 300 வருஷம் முன்பே நடந்துவிட்டது.

தமிழ்நாட்டுக்கு என்ன சம்பந்தம்?

1664இல் கோல்பேர் உருவாக்கியதுதான் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. அதன் ஆட்கள் 1674இல் புதுச்சேரியில் வேர்விட்டார்கள். பின்னால் அங்கே வந்த மூன்று பேர் நம் பாடப்புத்தகத்தில் இருக்கிறார்கள்: டூப்ளே, புஸ்ஸி, லாலி. பெயருக்கு முன்னால் மார்க்கி, மார்க்கி, கவுண்ட்.

இதில் டூப்ளே பிறவிப் பிரபு அல்ல. வரி வசூல் குத்தகையிலும் கம்பெனி நிர்வாகத்திலும் பணம் சேர்த்த அப்பாவின் மகன். 1742 முதல் 1754 வரை புதுச்சேரி கவர்னர். தென்னிந்திய நவாபுகளின் அரசியலில் இறங்கி விளையாடியதற்குப் பரிசாக மார்க்கி பட்டம் கிடைத்தது. பல்லக்கு, கொடி, மேளதாளம் என்று இந்திய முறைப்படி வந்த மரியாதைகளையும் அவர் விடவில்லை. இரண்டு உலகத்துப் பட்டங்களும் ஒரே ஆள் மேல். ஆனால் 1754இல் கம்பெனி திரும்பக் கூப்பிட்டது. செலவழித்த சொந்தப் பணத்தைக் கேட்டு வழக்காடியே 1763இல் பாரிஸில் நொடிந்துபோய் இறந்தார். அவர் புகழ் மீண்டது அடுத்த நூற்றாண்டில். கடலோரத்தில் சிலை வந்தது 1870இல். புத்தகங்களில் நாம் பார்க்கும் பெருமித முகம் அச்சுப்படங்கள் வழியாகப் பரவியது. கடன்காரர்களுக்கும் கம்பெனிக்கும் நடுவே அலைந்த கடைசி வருடங்கள் அந்த முகத்தில் இல்லை.

அன்றாட டூப்ளேவைப் பார்க்க வேண்டும் என்றால் படத்தை விட்டுவிட்டு ஒரு தமிழ் நோட்டுக்குப் போக வேண்டும். அவருடைய துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு. கவர்னர் எப்போது கோபப்பட்டார், யாரிடம் என்ன வாங்கினார், மனைவி எதில் தலையிட்டார் என்று எல்லாம் அதில் வருகிறது. செப்புத்தகடு காட்டாத கோணம் அது.

லாலியின் கதை இன்னும் கசப்பு. அயர்லாந்து வம்சாவளி, பிரெஞ்சுப் படையின் கவுண்ட். 1761 ஜனவரியில் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் இழந்தார். துரோகக் குற்றம் சாட்டி 1766 மே மாதம் பாரிஸில் வாய்க்குத் துணி அடைத்து அழைத்துப்போய்த் தலையை வெட்டினார்கள். வால்டேர் அவருக்காக எழுதினார், மகன் வழக்காடினார். 1778இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. பட்டத்தைக் காகிதத்தில் கொடுக்க முடியும், காகிதத்திலேயே பறிக்கவும் முடியும், தலை போன பிறகு காகிதத்திலேயே திரும்பக் கொடுக்கவும் முடியும்.

புதுச்சேரி வீழ்ந்தபோது ஆங்கிலேயர் எடுத்துப்போன பொருள்களில் ஓர் அச்சு இயந்திரமும் உண்டு. அது சென்னை வேப்பேரிக்குப் போய், ஃபப்ரிசியுஸ் பாதிரியாரின் பொறுப்பில் தமிழ் அச்சடித்தது. பிரபு தோற்றார், அச்சு மட்டும் வேலையைத் தொடர்ந்தது.

நம்ம ஊரிலும் செம்பில் வெட்டினார்களே?

வெட்டினார்கள், பல நூற்றாண்டுகள் முன்பே. சோழர் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள், ஆனைமங்கலச் செப்பேடுகள் எல்லாம் அதே உலோகம், அதே மாதிரி கூரான கருவி. அவற்றிலும் பட்டங்கள், வம்ச வரலாறு, அரசரின் முத்திரை. அவற்றிலும் வரி விஷயம்: இந்த ஊர் இறையிலி, இந்த நிலத்துக்கு வரி கிடையாது. வெட்டியவர்களின் பெயரைச் சொல்லும் செப்பேடுகளும் உண்டு.

ஒரு பெரிய வித்தியாசம். நம் செப்பேட்டில் முகம் கிடையாது, சொல்தான். அரசர் எப்படி இருந்தார் என்று தெரியாது, என்ன செய்தார் என்று மெய்க்கீர்த்தி சொல்லும். அது ஒரே பிரதி, பத்திரமாக வைக்க வேண்டிய மூலம். பிரெஞ்சுத் தகடோ நேர் எதிர். தகடு வெறும் கருவி, பிரதிகள்தான் சரக்கு. ஒன்று நிலைப்பதற்கு வெட்டியது, மற்றது பரவுவதற்கு வெட்டியது.

புரட்சிக்குப் பிறகு என்ன ஆனது?

1790 ஜூன் 19 அன்று பிரெஞ்சு தேசிய சபை பரம்பரைப் பிரபுத்துவத்தை ஒழித்தது. பட்டமும் குடும்பச் சின்னமும் செல்லாது. நூற்றைம்பது வருடம் முகத்துக்குக் கீழே வெட்டிய அத்தனை கிரீடங்களும் ஒரே நாளில் அர்த்தமிழந்தன.

செம்புக்கு விலை உண்டு என்பதால், தேவைப்படாத தகடுகளைத் தேய்த்து வேறு படம் வெட்டுவது அந்தத் தொழிலில் வழக்கம். தப்பிய தகடுகள் பலவற்றுக்கு அரசே வீடு கொடுத்தது. 1797இல் லூவ்ர் அருங்காட்சியகத்தில் தொடங்கிய தகட்டுச் சேகரிப்பில் இன்றைக்கு 13,000க்கும் மேற்பட்ட தகடுகள் இருக்கின்றன. பழைய தகடுகளிலிருந்து இன்றும் அங்கே பிரதி எடுத்து விற்கிறார்கள்.

போனில் எப்படிப் பார்ப்பது?

பாரிஸுக்கு டிக்கெட் வேண்டாம். பிரெஞ்சு தேசிய நூலகத்தின் 'கலிக்கா' தளத்திலும், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத் தளத்திலும் இந்தப் படங்கள் நல்ல தெளிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. நான்தேய் என்று தேடி, ஒரு படத்தைத் திறந்து, இரண்டு விரலால் ஜூம் செய்துகொண்டே இந்த ஐந்தையும் கவனியுங்கள்:

• கன்னத்தை ஜூம் செய்யுங்கள். சாம்பல் நிறம் கிடையவே கிடையாது, கறுப்புக் கோடும் புள்ளியும் வெள்ளைக் காகிதமும் மட்டும்தான். நிழல் என்று தெரிவது நம் கண் செய்யும் வேலை.

• ஓரத்தில் பொடி எழுத்தில் லத்தீன் சொற்கள் இருக்கும். 'பின்க்ஸித்' என்றால் ஓவியம் தீட்டியவர், 'ஸ்குல்ப்ஸித்' என்றால் செதுக்கியவர், 'எக்ஸ்குதித்' என்றால் வெளியிட்டவர். நான்தேய் மாதிரி ஆளைப் பார்த்துத் தானே வரைந்து வெட்டியிருந்தால், 'நேரில் பார்த்து' என்று பொருள்படும் 'அத் விவும்' வரும்.

• அரசரின் அனுமதி பெற்றது என்ற வரி இருந்தால், அது அந்தக் காலத்துக் காப்பிரைட்.

• படத்தைச் சுற்றிக் காகிதத்தில் ஒரு செவ்வக அழுத்தத் தடம் தெரிகிறதா? தகட்டின் விளிம்பு பதிந்த இடம் அது. ஓரத்தை வெட்டியிருந்தால் தடமும் போயிருக்கும்.

• கடைசியாகத்தான் முகம். அதற்கு முன் வருடத்தைப் பாருங்கள். ஆள் உயிரோடு இருந்தபோது வெட்டியதா, இறந்து எத்தனை வருடம் கழித்து? யாருக்கு இந்த முகம் தேவைப்பட்டது?

இந்தக் கேள்விகள் பழைய படத்துக்கு மட்டுமல்ல. வாட்ஸ்அப்பில் வரும் 'அரிய புகைப்படம்', வேலைக்கான புரொஃபைல் படம், தேர்தல் போஸ்டர் எல்லாவற்றுக்கும் பொருந்தும். யார் எடுத்தது, யார் காசு கொடுத்தது, கீழே என்ன பட்டம் எழுதியிருக்கிறது?

முகம் இல்லாதவர்கள்

இத்தனை ஆயிரம் முகங்களில் யார் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரபுக்கள் கட்டாத வரியைக் கட்டிய விவசாயி இல்லை. உருளையைச் சுற்றிய அச்சுக்கூடத் தொழிலாளி அநேகமாக இல்லை. கோல்பேரின் கம்பெனி புதுச்சேரியில் வாங்கிய துணியை நெய்தவர், சாயம் போட்டவர் யாருமே இல்லை. பாரிஸ் முகங்களின் கழுத்திலும் தோளிலும் இருக்கும் பட்டையும் லேஸையும் நூல் நூலாக எண்ணலாம். நெய்த கையை எங்கேயும் பார்க்க முடியாது.

பழனி மலையிலும் இதே நிலைதான், வேறு விதமாக. மலைமுகடுகளில் பெரிய பலகைக் கற்களை நிறுத்தி மூடிய கற்திட்டைகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் இந்த மலையில் மதிப்போடு வாழ்ந்தவர்களின் நினைவுச் சின்னங்கள். இயேசு சபைக் குருக்கள் ஆங்லேடும் நியூட்டனும் அவற்றைத் தேடி அளந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. அந்தக் கற்களில் பெயர் இல்லை, பட்டம் இல்லை, முகமும் இல்லை. பிரெஞ்சுப் பிரபு விட்டுப்போனது கனமில்லாத காகிதம், அதில் எல்லாம் இருக்கிறது. இவர்கள் விட்டுப்போனது நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத கல், அதில் ஒரு வரி கூட இல்லை.

ஆகவே முகம் மிஞ்சியவர் பெரியவர் என்றோ, மிஞ்சாதவர் சிறியவர் என்றோ கணக்குப் போட முடியாது. முகம் மிஞ்சியது என்றால், அதை வெட்ட ஒரு கை இருந்தது, வெட்டச் சொல்ல ஒரு காரணம் இருந்தது, அந்தத் தாளைத் தூக்கிப் போடாமல் யாரோ பத்திரப்படுத்தினார்கள் என்று மட்டும்தான் அர்த்தம். மூன்றாவது வேலையை இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். வீட்டுப் பரணில் இருக்கும் பழைய படத்தின் பின்பக்கம், அதில் இருப்பவர் யார், எந்த வருடம் எடுத்தது என்று பென்சிலால் எழுதி வைத்தால் போதும்.